போனில் வரும் 'சுங்க அதிகாரி'!

"உங்கள் பெயருக்கு வெளிநாட்டுப் பார்சல் வந்திருக்கிறது. உள்ளே போதைப் பொருள்! சுங்க இலாகா பிடித்து வைத்திருக்கிறது. போனை வைத்தால் கைது!"

இப்படி ஒரு குரல் மிரட்டினால் யாருக்குத்தான் குலை நடுங்காது?

மகப்பேறு என்ற சொல்தான் முகப்பேர் ஆனது என்பார்கள். பிள்ளை வரம் கேட்டுச் சந்தான சீனிவாசப் பெருமாளைத் தேடி வருகிற ஊர் இது. பெற்ற பிள்ளைகளை அமெரிக்காவுக்கும் சிங்கப்பூருக்கும் அனுப்பிவிட்டு, தனியாக இருக்கும் பெரியவர்கள் இங்கே ஏராளம். பார்சல் என்றதும் 'பையன் ஏதாச்சும் அனுப்பினானோ' என்றுதான் மனசு அடித்துக் கொள்ளும். அந்தப் பாசத்தில்தான் மோசடிக்காரன் தூண்டில் போடுகிறான்!

சுங்க இலாகாவின் வேலை என்ன? இறக்குமதிச் சரக்குக்கு வரி வசூலிப்பது. மீனம்பாக்கத்தில் தங்கக் கடத்தலைப் பிடிப்பது. துறைமுகத்தில் செம்மரக் கட்டை கப்பலேறாமல் தடுப்பது. போனில் மிரட்டி, தனி ஆள் கணக்கில் பணம் போடச் சொல்வது அதன் வேலையே அல்ல!

1962-ம் ஆண்டு சுங்கச் சட்டப்படி, பொருளைப் பறிமுதல் செய்வதென்றால் காரணம் சொல்லி நோட்டீஸ் தர வேண்டும். ஆளைக் கைது செய்தால், தாமதமின்றி மாஜிஸ்திரேட் முன் நிறுத்த வேண்டும். 'டிஜிட்டல் கைது' என்று எந்தச் சட்டத்திலும் கிடையாது. 2024 அக்டோபரில் பிரதமரே வானொலியில் இதைச் சொன்னார். இலாகாவின் கடிதங்களில் அடையாள எண் போடும் முறை 2019-ல் வந்தது. எண் நிஜமா, போலியா என்று அதன் இணையதளத்திலேயே பார்க்கலாம்.

ஆனால் இதெல்லாம் எழுபது வயசுப் பாட்டிக்கு எப்படித் தெரியும்? ராஜாஜி சாலையில் இருக்கும் சுங்க இலாகா முகப்பேருக்கு வரவேண்டும். ரேஷன் கடையில், பஸ் நிலையத்தில், வங்கி வாசலில் தமிழில் கொட்டை எழுத்தில் போர்டு வைக்க வேண்டும். பதறியபடி டெபாசிட்டை உடைக்க வரும் முதியவரிடம், "எதுக்கம்மா இவ்வளவு பணம்?" என்று வங்கி ஊழியர் ஒரு வார்த்தை கேட்டால் என்ன?

பெரியவர்களே! அப்படிப் போன் வந்தால் டக்கென்று வையுங்கள். பிள்ளையிடமோ பக்கத்து வீட்டிலோ சொல்லுங்கள். பணம் போயிருந்தால் வெட்கப்பட்டு மறைக்காதீர்கள். உடனே 1930-க்குப் போன் செய்யுங்கள். தாமதித்தால் பணம் கை மாறிக் கை மாறிப் பறந்துவிடும்.

போனை வைத்துவிட்டால் நிஜ அதிகாரிக்கு நஷ்டமில்லை. திருடனுக்குத்தான் நஷ்டம்!