பின்னால் கார் வராத பாதை

எங்கள் வீட்டு பாம் ஷெல்டரில், அரிசி மூட்டைக்கும் முறுக்கு அச்சுப் பெட்டிக்கும் நடுவே 2 ஆண்டுகளாக ஒரு சைக்கிள் நின்றுகொண்டிருந்தது. என் கணவருடையது. ஒரு ஞாயிற்றுக்கிழமை காலை, சாலையோரமாகப் போய்க்கொண்டிருந்தவரின் கைப்பிடியை ஒரு லாரியின் பக்கக் கண்ணாடி தட்டிவிட்டது. காறை எலும்பு முறிந்து, 6 வாரம் கையைத் துணியில் தொங்கவிட்டுக்கொண்டு இருந்தார். எலும்பு கூடிவிட்டது. சைக்கிளை மட்டும் அவர் மீண்டும் தொடவில்லை. நானும் ‘எடுங்கள்’ என்று சொல்லவில்லை. உண்மையைச் சொன்னால் எனக்கு அது நிம்மதியாகவே இருந்தது.

சிக்கல் மகனிடமிருந்து வந்தது. 14 வயது. அவன் நண்பர்கள் கூட்டமாகச் சேர்ந்து சைக்கிளில் சுற்றுகிறார்கள்.

“ரோட்டுல வேணவே வேணாம்” என்றேன்.

“அப்ப ரோடு இல்லாத இடத்துல ஓட்டலாமா, அம்மா?”

பதில் சொல்ல முடியாத கேள்வி. அதைப் பிடித்துக்கொண்டு அப்பாவும் மகனும் கணினியில் தேட, ஜூன் பள்ளி விடுமுறையின் முதல் வாரத்தில் நாங்கள் மூவரும் தென்கொரியாவில் இறங்கினோம்.

கொரியா மலைநாடு. சைக்கிளுக்கும் மலைக்கும் ஒத்துவருமா என்று நீங்கள் கேட்கலாம். நானும் கேட்டேன். ஆனால் மலைகளுக்கு நடுவே ஆறுகள் ஓடுகின்றன. ஆற்றோரமாகவே சைக்கிள் பாதை போட்டிருக்கிறார்கள். இஞ்சியோனில் மேற்குக் கடலோரம் தொடங்கி, ஹான் ஆறு, நம்ஹான் ஆறு, பிறகு ஒரு மலைத்தொடர், அதைத் தாண்டி நாக்டோங் ஆறு என்று பூசான் வரை 633 கிலோமீட்டர். 2012ல் திறக்கப்பட்டது. வழியெங்கும் தொலைபேசிக் கூண்டு போன்ற சிவப்புப் பெட்டிகள் இருக்கின்றன. உள்ளே ரப்பர் முத்திரை இருக்கும். கடப்பிதழ் மாதிரி ஒரு சிறு புத்தகம் வாங்கிவைத்துக்கொண்டு ஒவ்வொரு பெட்டியிலும் முத்திரை குத்திக்கொள்ளலாம்.

633 கிலோமீட்டர் எங்களுக்கு ஆகாத காரியம். நாங்கள் தேர்ந்தெடுத்தது அதன் கிளையான புக்ஹான் ஆற்றுப் பாதையை. சோல் நகருக்குக் கிழக்கே யாங்சு அருகே தொடங்கி சுன்சோன் நகர் வரை சுமார் 70 கிலோமீட்டர். அதற்கு முன்னால் பல்டாங் நிலையத்திலிருந்து யாங்சு வரை 10 கிலோமீட்டர் சொச்சம். இடையில் கப்யோங்கில் ஓர் இரவு தங்கி, இரண்டு நாளில் முடிப்பது என்று திட்டம்.

இந்தப் பாதை ஏன் சுலபம் என்பதற்கு ஒரு காரணம் உண்டு. இதன் ஒரு பகுதி ஒரு காலத்தில் ரயில் ஓடிய தடம். 1930களின் இறுதியில், ஜப்பானிய ஆட்சியின்போது, இந்தப் பள்ளத்தாக்குகள் வழியே ஒற்றைத் தண்டவாளம் போட்டார்கள். ரயிலால் செங்குத்தாக ஏற முடியாது. நூறு மீட்டர் ஓடினால் இரண்டு, மூன்று மீட்டருக்கு மேல் ஏறாதபடி மலையைக் குடைந்தும், பள்ளத்தில் பாலம் கட்டியும், ஆற்றின் வளைவோடு வளைந்தும் தடம் அமைப்பார்கள். 2008க்குப் பிறகு வேகமான இரட்டை ரயில் பாதைகள் மலைக்குள் நேராகக் குடைந்து வந்துவிட்டன. பழைய தடம் ஆற்றோரத்தில் சும்மா கிடந்தது. தண்டவாளத்தை எடுத்துவிட்டுத் தளம் போட்டார்கள். அந்தக் காலத்து ரயில் எஞ்சினுக்காகக் குறைத்த ஏற்றம் இன்று என் முழங்காலுக்கு உதவுகிறது.

சனிக்கிழமை காலை, சோலில் வாடகைக்கு எடுத்த மூன்று சைக்கிள்களோடு ரயில் ஏறினோம். வார இறுதியிலும் பொது விடுமுறையிலும் ரயிலின் முதல் பெட்டியிலும் கடைசிப் பெட்டியிலும் சைக்கிளை ஏற்றலாம். பெட்டி முழுக்க எங்களைப் போன்றவர்கள்தாம். பாதிப்பேருக்கு அறுபது வயதுக்கு மேல் இருக்கும்.

பல்டாங்கில் இறங்கி ஓட்டத் தொடங்கிய ஐந்தாவது நிமிடத்தில் முதல் பாடம். நாம் இடப்பக்கம் ஓட்டிப் பழகியவர்கள். கொரியாவில் வலப்பக்கம். மகன் ஒரு வளைவில் பழக்கதோஷத்தில் இடப்பக்கம் போய்விட, எதிரே வந்த பெரியவர் ஒருவர் நிறுத்தி, கையால் வலப்பக்கத்தைக் காட்டி, அவன் தோளைத் தட்டிவிட்டுப் போனார். அதன்பிறகு அவன் மறக்கவில்லை.

சிறிது தூரத்தில் முதல் சுரங்கம். வெயிலிலிருந்து உள்ளே நுழைந்தால் குளிர்சாதன அறைபோல இருந்தது. என் கணவர் வாசலிலேயே காலை ஊன்றி நின்றுவிட்டார். உள்ளே போனபோதும் தோளை இறுக்கிக்கொண்டுதான் ஓட்டினார். பின்னால் ஏதோ சத்தம். சுரங்கத்தில் எல்லாச் சத்தமும் பெரிதாகக் கேட்கும். அவர் சுவரோடு ஒட்டிக்கொண்டார்.

மணிச் சத்தம். “ஜினாகல்கேயோ” என்று ஒரு பெண்குரல். ஐந்தாறு பாட்டிமார்கள் வரிசையாக எங்களைக் கடந்து போனார்கள். அந்தச் சொல்லுக்கு ‘கடந்துபோகிறேன்’ என்று பொருள் எனப் பிறகு தெரிந்துகொண்டோம். அன்று முழுக்க அதைக் கேட்டுக்கொண்டே ஓட்டினோம். இரண்டாவது, மூன்றாவது சுரங்கங்களில் அவர் தோள் மெல்ல இறங்கியதை நான் பின்னாலிருந்து பார்த்தேன்.

நுங்னே என்ற பழைய ரயில் நிலையம் அப்படியே நிற்கிறது. ரயில் வராது, மகன் அங்கேதான் முதல் முத்திரை குத்தினான். அதற்கப்பால், வடக்கிலிருந்து வரும் புக்ஹானும் தெற்கிலிருந்து வரும் நம்ஹானும் கூடும் இடம் வருகிறது. ஊர்க்காரர்கள் அதை துமுல்மொரி என்கிறார்கள். இரண்டு நீரின் தலை என்று அர்த்தமாம். அங்கே ஆற்றின்மேல் நிற்கும் பழைய ரயில் பாலத்துக்கு மரத்தளம் போட்டு சைக்கிளுக்குக் கொடுத்துவிட்டார்கள். அரைக் கிலோமீட்டர் நீளம். பக்கத்திலேயே புதிய பாலத்தில் ரயில் ஓடுகிறது.

ஒன்றை நேர்மையாகச் சொல்லவேண்டும். பாதை முழுவதும் கார் இல்லாதது அல்ல. சில இடங்களில் அது கிராமச் சாலையோடு சேர்ந்துகொள்கிறது. அப்படி ஓர் இடத்தில், ஆற்றோர உணவகத்திலிருந்து ஒரு கார் வெளியே வந்தது. மகன் எனக்கு ஐம்பது மீட்டர் முன்னால். “டேய், நில்லுடா!” என்று நான் கத்தியது மலையில் எதிரொலித்தது. ஆனால் நான் கத்துவதற்கு முன்பே அவன் நின்றிருந்தான். ஒரு காலை ஊன்றி, ஓட்டுநரின் முகத்தைப் பார்த்து, அவர் தலையசைத்த பிறகே நகர்ந்தான்.

கார் வந்துமோதுமோ என்ற பயத்தில் 50 கிலோமீட்டரும் ஓட்டியிருந்தால் அவன் அதைக் கற்றிருக்க மாட்டான் என்று இப்போது தோன்றுகிறது. காலையிலிருந்து கார் இல்லாத பாதையில் பிரேக் பிடிக்கவும், திரும்பிப் பார்க்கவும், கை காட்டவும் பதற்றமில்லாமல் பழகியிருந்தான். ஒரே ஒரு கார் வந்தபோது அது கைகொடுத்தது.

மறுநாள் 30 கிலோமீட்டர். ‘விண்டர் சொனாட்டா’ தொடரில் வந்த நமி தீவு கப்யோங்குக்குப் பக்கத்தில்தான். படகில் போய்ப் பார்த்துவிட்டு, பிறகு ஏரிக்கரையோரமாக சுன்சோன் போய்ச் சேர்ந்தோம்.

இந்தப் பாதைகளுக்கு இன்னொரு பக்கமும் உண்டு. 633 கிலோமீட்டர் பாதை, 2009ல் தொடங்கிய ‘நான்கு ஆறுகள்’ திட்டத்தோடு வந்தது. சுமார் 22 டிரில்லியன் வோன் செலவில் ஆறுகளை ஆழப்படுத்தி 16 தடுப்பணைகள் கட்டினார்கள். தண்ணீர் தேங்கி, கோடையில் நாக்டோங் ஆற்றில் பச்சைப் பாசி படர்ந்ததும் மக்கள் அதற்கு ‘பாசி லாட்டே’ என்று பெயர் வைத்தார்கள். அணைகளைத் திறப்பதா, இடிப்பதா என்ற சண்டை ஆட்சி மாறும்போதெல்லாம் மாறுகிறது. ஆற்றுக்கு நல்லது செய்தார்களா என்பதில் கொரியர்களுக்குள் ஒற்றுமையில்லை. சைக்கிள் பாதையைக் குறை சொல்பவர்கள் குறைவு. நல்ல பாதை கிடைத்ததால் அணைக் கேள்வி தீர்ந்துவிடாது. மகனிடமும் அதைச் சொன்னேன்.

போக நினைப்பவர்களுக்குச் சில குறிப்புகள்:

ஜூன் பிற்பகுதியில் மழைக்காலம் தொடங்கிவிடும். விடுமுறையின் தொடக்கத்திலேயே போய்விடுங்கள். பள்ளிப் பிள்ளைகள் இல்லாதவர்களுக்கு அக்டோபர் அருமையான மாதம்.

பாதையில் போட்டிருக்கும் நீலக் கோட்டைப் பின்தொடர்ந்தால் வழி தவறாது. சுரங்கத்துக்கு முன்னும் பின்னும் விளக்கு அவசியம்.

சிறு பிள்ளைகள் இருந்தால் பல்டாங்கிலிருந்து ரயில் பாலம் வரை போய்த் திரும்பினாலே போதும். வாடகைக் கடைகள் நிலையத்துக்கு அருகிலேயே உண்டு.

சைவம் சாப்பிடுபவர்கள் கவனிக்க: கிம்ச்சியில் பெரும்பாலும் மீன் சாறோ இறால் ஊறலோ இருக்கும். இறைச்சி போடாத பிபிம்பாப் கேட்டு வாங்கலாம். நான் புளிச்சோறு கட்டிக்கொண்டு போனேன். பாலத்தின் நடுவில் சாப்பிட்டோம்.

முழுநீளம் போக நினைக்கும் இளையர்கள் 548 மீட்டர் உயர ஈவாரியோங் கணவாயைத் தாண்டவேண்டும். வாகனங்கள் மலைக்கடியிலுள்ள சுரங்கத்தில் போய்விடுவதால் மேலே பழைய சாலை அநேகமாகக் காலியாக இருக்கும்.

ஊர் திரும்பிய அடுத்த சனிக்கிழமை, பாம் ஷெல்டர் கதவு திறக்கும் சத்தம் கேட்டது. இரண்டு சக்கரத்திலும் காற்றில்லை. காற்றடித்துக்கொண்டு அப்பாவும் மகனும் ரயில் காரிடாருக்குப் போனார்கள். 2011ல் ரயில் நின்றபிறகு நடக்கவும் ஓட்டவும் நமக்குக் கிடைத்த அந்த 24 கிலோமீட்டர் தடத்தில் என் தாத்தா தண்டவாளக் கூலியாக வேலை பார்த்தவர். வெயிலில் கட்டையும் கல்லும் சுமந்து அவர் சமன்செய்த வழியில் அவருடைய கொள்ளுப்பேரன் சைக்கிள் ஓட்டுகிறான்.

சாலைக்கு இன்னும் அனுமதி கொடுக்கவில்லை. கேட்டால், “பார்க்கலாம்” என்கிறேன். சென்ற ஆண்டு “வேணவே வேணாம்” என்றிருந்தேன்.