நின்றுபோன குளிசையும் களைத்த இருதயமும்

இடம்பெயரும் வேளையில் எமது குடும்பங்கள் காணி உறுதியையும் அடையாள அட்டையையும் மறப்பதில்லை. கிளினிக் கொப்பிதான் பெரும்பாலும் வீட்டிலேயே கிடந்துவிடுகிறது. பிறஷருக்கும் சலரோகத்துக்கும் மருந்து தேடுவோர்கூட தைரொயிட் குளிசையைப் பெரிதாக எண்ணுவதில்லை. இது உயிருக்கே ஆபத்தானது என்பதை நாம் அழுத்திச் சொல்ல விரும்புகிறோம்.

கழுத்தின் முன்புறத்திலுள்ள தைரொயிட் சுரப்பி உடம்பின் வேகத்தை ஆளுகிறது. அது போதியளவு சுரக்காவிட்டால் களைப்பு, குளிர் தாங்காமை, மலச்சிக்கல், முகவீக்கம், கரகரத்த குரல் என எல்லாம் மெல்ல மெல்ல வரும். பெண்களிடமே இது அதிகம். முகாமில் ஒரு தாய் சுருண்டு படுத்தால் "கவலை" என்கிறோம். சில வீடுகளில் "சோம்பேறி" என்ற பட்டமும் கிடைக்கிறது. கவலைக்கு எம்மிடம் காரணங்கள் குறைவில்லைத்தான். அதனாலேயே நோய் மறைந்து நிற்கிறது.

குளிசையை நிறுத்திய மறுநாளே ஒன்றும் நடக்காது. உடம்பிலுள்ள தைரொக்சின் பாதியாகக் குறையவே ஏறக்குறைய 7 நாட்கள் செல்லும். "நிறுத்தியும் சுகமாகத்தானே இருக்கிறேன்" என்று தோன்றுவது இதனால்தான். மாதங்களும் வருடங்களும் கழிய, இருதயம் மெதுவாகவும் பலவீனமாகவும் துடிக்கும். அதைச் சுற்றியுள்ள உறையில் நீர் தேங்கும். அந்நிலையில் ஒரு நியூமோனியாவோ கடுங்குளிரோ தூக்கக் குளிசையோ போதும். உடம்பு குளிர்ந்து, மூச்சும் நாடியும் தளர்ந்து, நினைவு தப்பும். பெரிய ஆஸ்பத்திரியிலும் எல்லோரையும் காப்பாற்ற முடிவதில்லை.

இத்தனைக்கும் மருந்து புதியதல்ல. 1891இல் இங்கிலாந்தில் ஜோர்ஜ் மறே என்ற வைத்தியர் செம்மறியாட்டின் தைரொயிட் சாற்றை ஊசிமூலம் ஏற்றிய பெண், அதன்பின் 28 வருடங்கள் வாழ்ந்தார். இலங்கையில் 1995இல் உப்புக்கு அயடீன் சேர்ப்பது கட்டாயமாக்கப்பட்டது நல்லதே. ஆனால் சுரப்பியே பழுதானவருக்கு உப்பு போதாது.

அரிசியும் மாவும் பதியும் நிவாரணப் பட்டியலில், நாளாந்தக் குளிசை போடுவோரின் விபரமும் முதற் கிழமையிலேயே பதியப்பட வேண்டும். இதைக் கேட்பது பிச்சையல்ல. அதேவேளை, பல மாதங்கள் நிறுத்தியவர்கள், முக்கியமாக வயோதிபர், அயலவரின் குளிசையை வாங்கித் தாமாகத் தொடங்கக் கூடாது. களைத்த இருதயத்தைத் திடீரென விரட்டினால் நெஞ்சுவலி வரலாம். வைத்தியர் இரத்தத்தைச் சோதித்துச் சிறு அளவில் தொடங்குவார்.

குளிசையின் பெயரையும் அளவையும் ஒரு துண்டில் எழுதி அடையாள அட்டை உறைக்குள் வையுங்கள். காலையில் தேநீருக்கு முன் வெறும் வயிற்றில் அதைப் போடுங்கள். இரும்புச்சத்துக் குளிசையை 4 மணித்தியாலம் தள்ளிப் போடுங்கள்.