நிலம் விற்று நிலம் வாங்கினால் வரி எவ்வளவு?

கேள்வி: நகராட்சி எல்லைக்குள் இருந்த நஞ்சையை 40 லட்சத்துக்கு விற்று, 30 லட்சத்துக்கு வேறு நஞ்சை வாங்கியாயிற்று. மீதி 10 லட்சத்துக்கு வருமான வரி உண்டா?

பதில்: வரி மீதிப் பணத்துக்கு அல்ல, லாபத்துக்கு. பழைய நிலத்தின் அடக்க விலை 5 லட்சம் என்றால் லாபம் 35 லட்சம். விற்குமுன் 2 ஆண்டுகள் விற்றவரோ பெற்றோரோ சாகுபடி செய்திருந்து, விற்ற 2 ஆண்டுக்குள் விவசாய நிலம் வாங்கினால், அந்த 30 லட்சம் கழியும். 5 லட்சத்துக்கு மட்டுமே வரி. அதையும் நிலத்தில் போட எண்ணினால், வரிக் கணக்குத் தாக்கல் கெடுவுக்குள் வங்கியில் மூலதன ஆதாயக் கணக்கில் செலுத்தி வைக்கவும்.

கணினியில் பதியும்போது 10 லட்சத்தை மட்டும் எழுதக் கூடாது. விற்பனை 40, அடக்கம் 5, கழிவு 30 என்று தனித்தனியே காட்டவும். புது நிலத்தை 3 ஆண்டுக்குள் விற்றால் சலுகை போய்விடும், பத்திரங்களைப் பத்திரப்படுத்தவும்.