டென்னிஸ் பால் to கார்க் பால்: நடராஜன் தாண்டிய தூரம் எவ்வளவு? வீரபாண்டி பசங்களுக்கு அந்தக் கதவு திறக்குமா?

2025 ஜூலை 6. திண்டுக்கல்லில் டி.என்.பி.எல். இறுதிப் போட்டி. திருப்பூர் தமிழன்ஸ் அணி 220 ரன்கள் குவித்து, நடப்பு சாம்பியன் திண்டுக்கல் டிராகன்ஸை 118 ரன்கள் வித்தியாசத்தில் சாய்த்தது. பனியன் நகரத்தின் பெயர் தாங்கிய அணிக்கு அதுதான் முதல் கோப்பை.

ஆனால் அந்தக் கோப்பைக்கும், திருப்பூர் வீரபாண்டியில் ஞாயிற்றுக்கிழமை காலையில் காலி இடத்தில் ஸ்டம்ப் நட்டு ஆடும் பசங்களுக்கும் நடுவே பெரிய இடைவெளி இருக்கிறது. இவர்கள் கையில் இருப்பது டென்னிஸ் பால். அங்கே ஆடப்படுவது கார்க் பால். பெயர் இரண்டுக்கும் கிரிக்கெட்தான். ஆட்டம் வேறு, செலவு வேறு, போகும் பாதையும் வேறு.

இந்த இடைவெளியைத் தாண்டி இந்திய அணி வரை போனவர், திருப்பூர் தமிழன்ஸ் அணிக்காகவும் ஆடியவர், சேலம் சின்னப்பம்பட்டி டி.நடராஜன். அவர் எப்படித் தாண்டினார்? மற்றவர்களால் ஏன் முடிவதில்லை?

பந்து மாறினால் என்ன மாறும்?

நம்ம ஊரில் கார்க் பால் என்று சொல்லப்படும் லெதர் பந்தின் எடை சுமார் 156 முதல் 163 கிராம். சாதாரண டென்னிஸ் பந்து 60 கிராம்கூட வராது. அதாவது, ஏறக்குறைய மூன்று மடங்கு வித்தியாசம்.

லெதர் பந்தில் தையல் உண்டு. அதைப் பிடிக்கிற விதத்தில் பந்து காற்றில் வளையும், தரையில் பட்டுத் திரும்பும். டென்னிஸ் பந்தில் இது எதுவும் பெரிதாக நடக்காது. அது குத்தினால் எழும்பும், எழும்பினால் சிக்ஸ். ஓவர்களும் குறைவு என்பதால் முதல் பந்திலிருந்தே பேட்ஸ்மேன் சுற்றுவார். பவுலருக்கு மிஞ்சும் ஒரே தற்காப்பு, பந்தை நேராக பேட்ஸ்மேன் காலடியில் இறக்குவது. அதுதான் யார்க்கர்.

நடராஜனின் பெயர் சொல்லும் யார்க்கர், சின்னப்பம்பட்டியின் டென்னிஸ் பால் மேட்ச்களில் வளர்ந்தது.

20 வயதில் புதிய பந்து

1991-ல் பிறந்த நடராஜன், ஐந்து பிள்ளைகளில் மூத்தவர். அப்பா தறித் தொழிலாளி. அம்மா சாலையோரக் கடை நடத்தியவர். இன்று ரஞ்சி ஆடும் பலர் பத்து வயதிலேயே லெதர் பந்தைப் பிடித்துவிடுகிறார்கள். நடராஜன் முறையாக அதைப் பிடித்தபோது வயது 20-ஐ நெருங்கியிருந்தது.

அவரை சென்னைக்கு அழைத்துப் போனவர் அதே ஊரைச் சேர்ந்த ஜெயப்பிரகாஷ். தங்க இடம், ஷூ, கிளப் வாய்ப்பு என எல்லாவற்றுக்கும் பின்னால் நின்றவர் அவர்தான். ஐ.பி.எல். ஜெர்சியில் 'ஜே.பி. நட்டு' என்று பெயர் வந்தது அந்த நன்றிக்காகவே.

சென்னை லீக்கில் நான்காவது டிவிஷனில் பி.எஸ்.என்.எல். அணி, பிறகு முதல் டிவிஷனில் விஜய் சி.சி., அடுத்து ஜாலி ரோவர்ஸ். 2015 ஜனவரியில் தமிழ்நாடு ரஞ்சி அணியில் இடம்.

அங்கேதான் பெரிய அடி விழுந்தது. அவருடைய பந்துவீச்சு முறை சந்தேகத்துக்குரியது என்று முதல் ரஞ்சி சீசனிலேயே புகார் எழுந்தது. விதிப்படி, பந்தை விடும்போது முழங்கை 15 டிகிரிக்கு மேல் நிமிரக் கூடாது. டென்னிஸ் பால் மேட்ச்சில் இதையெல்லாம் யாரும் அளந்து பார்ப்பதில்லை. லேசான பந்துக்கு வேகம் கொடுக்க, கை தனக்குத் தோன்றிய வழியில் பழகிவிடும். வருடக்கணக்கில் பழகிய கையை 23 வயதில் மாற்றுவது லேசுப்பட்ட வேலை இல்லை.

சுனில் சுப்பிரமணியன் உள்ளிட்ட பயிற்சியாளர்களின் உதவியோடு, மாதக்கணக்கில் உழைத்து ஆக்‌ஷனை மாற்றினார் நடராஜன். அந்த மாதங்களில் கிரிக்கெட்டால் வருமானம் இல்லை. அப்போது அவர் ஊருக்குத் திரும்பி, கிடைத்த வேலைக்குப் போயிருந்தால் அத்தோடு கதை முடிந்திருக்கும்.

44 நாட்கள், மூன்று தொப்பிகள்

2016-ல் டி.என்.பி.எல். தொடங்கியது. திண்டுக்கல் அணிக்காக யார்க்கர்களைப் பொழிந்தவரை, 2017 ஏலத்தில் 3 கோடி ரூபாய்க்கு வாங்கியது பஞ்சாப். அடிப்படை விலை வெறும் 10 லட்சம். ஆனால் ஆறு போட்டிகளில் இரண்டே விக்கெட்தான். அடுத்த ஏலத்தில் ஐதராபாத் கொடுத்த விலை 40 லட்சம். 2018, 2019 இரண்டு சீசனிலும் பெஞ்ச்.

2020-ல் எல்லாம் தலைகீழானது. ஐ.பி.எல்.லில் 16 போட்டிகளில் 16 விக்கெட். டி வில்லியர்ஸின் ஸ்டம்பைப் பெயர்த்த அந்த யார்க்கரை யாரும் மறந்திருக்க மாட்டார்கள். ஆஸ்திரேலியாவுக்கு நெட் பவுலராகத் தேர்வானவர், டிசம்பர் 2-ல் ஒருநாள் போட்டி, டிசம்பர் 4-ல் டி20, 2021 ஜனவரி 15-ல் பிரிஸ்பேன் டெஸ்ட் என 44 நாட்களில் மூன்று வடிவிலும் அறிமுகமானார். ஒரே சுற்றுப்பயணத்தில் இப்படி அறிமுகமான முதல் இந்தியர் அவர்தான். முதல் டெஸ்ட் இன்னிங்ஸில் 3 விக்கெட். அந்த டெஸ்ட்டை வென்று தொடரையும் கைப்பற்றியது இந்தியா.

அதன் பிறகு? 2021 மார்ச்சில் இங்கிலாந்துக்கு எதிரான புனே ஒருநாள் போட்டியின் கடைசி ஓவரில் 14 ரன்களைக் காப்பாற்றிக் கொடுத்தார். அடுத்த மாதமே முழங்கால் அறுவை சிகிச்சை. இந்தியாவுக்காக அவர் ஆடியது மொத்தம் ஏழே போட்டிகள். 2024 ஐ.பி.எல்.லில் 19 விக்கெட், டெல்லி அணியிடமிருந்து 10.75 கோடி ரூபாய் ஒப்பந்தம் என மீண்டு வந்தாலும், 2025 சீசனில் பெரும்பாலும் வெளியேதான் உட்கார்ந்திருந்தார்.

வருண் சக்கரவர்த்தியின் வழி

ஆஸ்திரேலியத் தொடரில் நடராஜனுக்கு டி20 அணியில் இடம் கிடைத்ததே, தோள்பட்டைக் காயத்தால் வருண் சக்கரவர்த்தி விலகியதால்தான். அந்த வருணும் டென்னிஸ் பாலில் வித்தை பழகியவர். கட்டடக்கலை படித்து, வேலை பார்த்து, அதை விட்டுவிட்டு வந்தவர். 2018 டி.என்.பி.எல்.லில் கோப்பை வென்ற மதுரை அணியில் கலக்கி, அதே ஆண்டு ஏலத்தில் 8.4 கோடிக்குப் போனார். 2021 டி20 உலகக் கோப்பையில் ஒரு விக்கெட்கூட கிடைக்காமல் அணியிலிருந்து கழற்றிவிடப்பட்டவர், 2025 சாம்பியன்ஸ் டிராபியில் 9 விக்கெட் எடுத்தார்.

இருவரின் வழியும் வேறு வேறு. ஒற்றுமை ஒன்று உண்டு. பந்து மாறிய அந்த வருமானமில்லாத காலத்தைத் தாக்குப்பிடிக்க, இருவருக்கும் ஏதோ ஒரு பிடிமானம் இருந்தது. ஒருவருக்கு ஜெயப்பிரகாஷ். இன்னொருவருக்குக் கையில் ஒரு பட்டம்.

இங்கிலாந்து மில் ஊர்களில் நடந்தது என்ன?

இந்தச் சிக்கல் திருப்பூருக்கோ கிரிக்கெட்டுக்கோ மட்டும் உரியதல்ல. 19-ம் நூற்றாண்டு இங்கிலாந்தில், வடக்கே இருந்த ஜவுளி மில், சுரங்க ஊர்களின் தொழிலாளர்கள் ரக்பி ஆடினார்கள். மேட்ச்சுக்குப் போனால் அன்றைய கூலி போய்விடும். அந்த இழப்பை ஈடுகட்ட அனுமதி கேட்டபோது, 1893-ல் ரக்பி நிர்வாகம் மறுத்தது. 1895 ஆகஸ்ட் 29-ல் ஹடர்ஸ்ஃபீல்டு என்ற ஜவுளி நகரத்தில் கூடிய வடக்கு கிளப்கள் தனியே பிரிந்தன. ரக்பி இரண்டானது இப்படித்தான். 15 பேர் ஆடுவது யூனியன், 13 பேர் ஆடுவது லீக்.

யூனியனிலிருந்து லீக்குக்குப் போய்ப் பணம் வாங்கியவர்களுக்கு, திரும்பி வரும் கதவு ரொம்ப காலம் மூடியே இருந்தது. 1995-ல் யூனியனும் சம்பள ஆட்டமானதும் நிலைமை மாறியது. அதன் பலனைப் பெற்றவர்களில் ஒருவர் சமோவாவில் பிறந்த வாயிங்கா துயிகமாலா. நியூசிலாந்துக்காக 1991 உலகக் கோப்பையில் யூனியன் ஆடியவர், இங்கிலாந்தின் விகன் கிளப்பில் லீக் ஆடப் போனார். பிறகு யூனியனுக்கே திரும்பி, 1999 உலகக் கோப்பையில் தன் தாய்நாடான சமோவாவுக்காகக் களமிறங்கினார். 2022-ல், 52 வயதில் காலமானார். அவர் இரண்டு ஆட்டமும் ஆட முடிந்ததற்குத் திறமை ஒரு காரணம். இரண்டு பக்கமும் சம்பளம் இருந்தது இன்னொரு காரணம்.

வீரபாண்டிக்கு என்ன தேவை?

பனியன் கம்பெனியில் டெய்லர், செக்கிங், அயர்ன் என்று போகும் ஒரு பையனின் கணக்கைப் பாருங்கள். ஆர்டர் இருந்தால் ஒன்றரை ஷிப்ட். சனிக்கிழமை சம்பளம். பீஸ் ரேட்டில் ஓடுபவருக்கு, வேலைக்குப் போகாத நாள் காசில்லாத நாள். கார்க் பால் ஆட வேண்டுமென்றால் பேடு, கிளவுஸ், ஹெல்மெட், நல்ல பேட், புல்தரை மைதானம், வார நாட்களில் பயிற்சி எல்லாம் வேண்டும். டென்னிஸ் பால் ஆட ஒரு பேட்டும் ஞாயிற்றுக்கிழமையும் போதும்.

டென்னிஸ் பாலுக்கும் இப்போது பணம் வரத் தொடங்கியிருக்கிறது. 2024 மார்ச்சில் தொடங்கிய ஐ.எஸ்.பி.எல். என்ற 10 ஓவர் லீக் டென்னிஸ் பந்தில்தான் ஆடப்படுகிறது. நடிகர் சூர்யாவின் சென்னை அணியும் அதில் உண்டு. அது நல்ல விஷயம்தான். ஆனால் மாநில அணிக்கோ இந்திய அணிக்கோ அங்கிருந்து நேரடிப் பாதை கிடையாது. அதற்குக் கார்க் பாலுக்கு மாறியே ஆக வேண்டும்.

நடராஜன் 2023 ஜூனில் சின்னப்பம்பட்டியில் சொந்தமாக மைதானம் அமைத்தார். திறந்து வைத்தவர் தினேஷ் கார்த்திக். இருபது வயது வரை லெதர் பந்துக்குக் காத்திருக்காமல், ஊரிலேயே சிறுவயதில் அதைப் பழகட்டும் என்பதற்கான ஏற்பாடு இது. ஆக்‌ஷன் சிக்கலும் தொடக்கத்திலேயே தெரிந்துவிடும்.

மைதானம் பாதிப் பிரச்சினையைத் தீர்க்கும். மீதிப் பாதி சம்பளம். சென்னை லீக்கில் பல ஆண்டுகளாக நிறுவனங்கள் அணி வைத்து, வீரர்களுக்கு வேலையும் கொடுத்து வந்திருக்கின்றன. உலகத்துக்கே டி-ஷர்ட் அனுப்பும் திருப்பூர் கம்பெனிகளுக்கு அது முடியாத காரியமா என்ன? ஒரு பையனுக்கு ஷிப்ட்டைக் குறைத்து, சம்பளத்தைக் குறைக்காமல் இரண்டு வருடம் விட்டுப் பார்த்தால், சின்னப்பம்பட்டியில் ஒரு தனிமனிதர் செய்ததை இங்கே ஒரு ஊரே செய்ய முடியும்.