17 ஆண்டு ஆட்சி, தீராத கடமை

கனடாவின் மேற்குக் கரையை ஒட்டிய வான்கூவர் தீவு, தனியொரு பிரிட்டிஷ் காலனியாக 1849 முதல் 1866 வரை 17 ஆண்டுகளே இருந்தது. ஆண்டுக்கு ஏழு ஷில்லிங் வாடகைக்கு அதை ஹட்சன் பே கம்பெனியிடம் ஒப்படைத்த லண்டன், பின்னர் எதிர்க்கரையில் இருந்த பிரிட்டிஷ் கொலம்பியாவுடன் இணைத்துவிட்டது. கடனில் மூழ்கிய இரு காலனிகளை ஒன்றாக்கிய சிக்கன நடவடிக்கை அது. அத்துடன் அந்தக் காலனியின் கதை முடிந்துவிட்டது என்று கருதுவது தவறு. பூர்வகுடிகளுக்கு ஓர் ஆட்சி கொடுத்த வாக்கு, அந்த ஆட்சி கலைந்த பிறகும் அடுத்து வரும் அரசைக் கட்டுப்படுத்தும்.

1850க்கும் 1854க்கும் இடையே கம்பெனி அதிகாரி ஜேம்ஸ் டக்ளஸ் அங்குள்ள மக்களுடன் 14 ஒப்பந்தங்கள் செய்தார். தொடக்கத்தில் குடித்தலைவர்கள் அடையாளமிட்டது வெற்றுத் தாளில். வாசகம் பிறகுதான் லண்டனிலிருந்து வந்தது. கம்பளிப் போர்வைகளுக்கு ஈடாக நிலம் கைமாறியது. ஊர்களும் விளைநிலங்களும் அவர்களுக்கே, யாரும் குடியேறாத நிலத்தில் வேட்டையாடலாம், முன்போலவே மீன்பிடிக்கலாம் என்பவை நிபந்தனைகள். எஞ்சிய நிலத்துக்கும் உரிய விலை கொடுக்க 1861இல் டக்ளஸ் 3,000 பவுண்டு கடன் கேட்டார். அது காலனியின் செலவு என்று லண்டன் கைவிரித்தது. அதன் பிறகும் புதிய ஒப்பந்தங்கள் வரவில்லை, குடியேற்றம் நிற்கவில்லை.

ஒரு வணிகக் கம்பெனி தீவின் சிறு பகுதிக்குச் செய்த நிலப் பேரம் இன்றைய அரசை எப்படிக் கட்டுப்படுத்தும் என்று கேட்கலாம். தீவின் நனைமோ பூர்வகுடியைச் சேர்ந்த இருவர் மான் வேட்டைக்காகக் கைதானபோது, இன்று கனடாவின் மாகாணமாக உள்ள பிரிட்டிஷ் கொலம்பியாவின் அரசு ஏறக்குறைய இதையே வாதிட்டது. 1965இல் கனடா உச்ச நீதிமன்றம் அதை ஏற்கவில்லை: ஆளுகை அதிகாரம் பெற்ற கம்பெனி செய்தது ஒப்பந்தமே. வெற்றுத் தாளில் பெற்ற ஒப்புதல் செல்லுமா என்பது இதைவிடக் கனமான கேள்வி. அந்தக் குறை எழுதிக்கொண்டவர்களுடையது. அதைக் காட்டி அவர்களின் வாரிசுகளே கடமையிலிருந்து நழுவுவது அநீதி. நிலம் போனது மட்டும் செல்லும், மக்களுக்கு மிஞ்சிய உரிமை செல்லாது என்று எந்த நேர்மையான வாசிப்பும் சொல்ல முடியாது. சானிச்டன் விரிகுடாவில் படகுத்துறை கட்டும் திட்டத்தை 1989இல் மாகாண மேல்முறையீட்டு நீதிமன்றம் தடுத்ததும், முன்போலவே மீன்பிடிக்கலாம் என்ற அந்த நிபந்தனையின் பேரில்தான்.