காவிரியைச் சோதிக்க 2 கல்லூரி! சாவி யார் கையில்?

சென்னையில் காலையில் குழாயைத் திறந்து குடம் பிடிக்கிறோமே, அந்தத் தண்ணீரில் ஒரு பங்கு காவிரி. 2004-ல் புதிய வீராணம் திட்டம் வந்த நாளிலிருந்து இந்தச் சொந்தம். மேட்டூர், ஈரோடு, பள்ளிபாளையம், திருச்சி என்று ஊர் ஊராகக் கடந்து, கொள்ளிடம் கீழணையில் திரும்பி, வடவாறு வழியாக வீராணம் ஏரிக்கு வந்து, அங்கிருந்து குழாய் ஏறுகிறது. வழியில் சாயத் தண்ணீரும் சாக்கடையும் சும்மா இருக்குமா?

2021-ல் சென்னை ஐ.ஐ.டி. பேராசிரியர்கள் ஒரு குண்டைத் தூக்கிப் போட்டார்கள். 2 வருஷம் காவிரியில் தண்ணீர் மொண்டு சோதித்ததில் வலி மாத்திரை மருந்து, ரத்தக்கொதிப்பு மருந்து, ஆன்டிபயாடிக், காபியில் இருக்கும் காபீன் எல்லாம் அகப்பட்டன. கூடவே ஆர்சனிக், ஈயம், குரோமியம், நிக்கல். நாம் முழுங்கிய மாத்திரை, நம்மைத் தாண்டி, சாக்கடை வழியாக ஆற்றுக்கே போய்ச் சேர்ந்திருக்கிறது!

இதில் ஒரு சங்கதி. குடிநீருக்கான இந்தியத் தரப் பட்டியலில் ஈயத்துக்கு அளவு உண்டு, ஆர்சனிக்குக்கு அளவு உண்டு. மாத்திரை மருந்துக்குக் கிடையாது. பட்டியலில் இல்லாததை எந்த அதிகாரி தேடுவார்? கல்லூரி லேபரட்டரிதான் தேடவேண்டும். அதனால்தான் அந்த லேபரட்டரிகளை யார் ஆட்டுவிக்கிறார்கள் என்பது நம்ம வீட்டு விஷயமாகிறது.

12 கல்லூரி, 6 ஆறு

2024 பிப்ரவரியில் மத்திய ஜலசக்தி அமைச்சகம் 12 உயர்கல்வி, ஆராய்ச்சி நிலையங்களுடன் ஒப்பந்தம் போட்டது. நர்மதா, கோதாவரி, மகாநதி, கிருஷ்ணா, காவிரி, பெரியாறு என்று 6 ஆறுகள். ஆற்றுக்கு 2 நிலையம். காவிரிக்குப் பெங்களூர் இந்திய விஞ்ஞானக் கழகமும், திருச்சி என்.ஐ.டி.யும். (திருச்சிக்காரர்கள் இன்னும் ஆர்.இ.சி. என்றுதான் சொல்வார்கள்!) ஆற்றின் நிலைமையை அளந்து, திட்டம் எழுதித் தருவது இவர்கள் வேலை.

ஜோடி சேர்த்ததைப் பாராட்ட வேண்டும். டி.எம்.சி. கணக்கில் 2 மாநிலமும் கோர்ட் கோர்ட்டாக ஏறி இறங்கியாச்சு. பெங்களூரும் காவிரியைத்தான் குடிக்கிறது, நாமும்தான். அங்கே ஒரு கணக்கு, இங்கே ஒரு கணக்கு என்றில்லாமல் இரண்டு கல்லூரியும் ஒரே கணக்கில் கையெழுத்துப் போடவேண்டும். அழுக்கு விஷயத்திலாவது ஒரே எண் வரட்டும்!

இந்த ஏற்பாட்டுக்கு முன்மாதிரி கங்கை. 2010-ல் 7 ஐ.ஐ.டி.கள் சேர்ந்தன, சென்னையும் ஒன்று, கான்பூர் தலைமை. 2015-ல் திட்டம் கொடுத்தார்கள். 2016-ல் கான்பூரிலேயே கங்கைக்கென ஒரு மையம் எழும்பியது. எப்படி அளப்பது என்பது பேராசிரியர்கள் பொறுப்பு. பணம் டெல்லியுடையது. திட்டத்தை ஏற்பதா, அலமாரியில் வைப்பதா என்பதும் டெல்லி கையில். சரி, ஆலைக்குப் பூட்டுப் போடுவது? அது மாநில மாசுக் கட்டுப்பாட்டு வாரியம். எழுதுகிறவர் ஒருத்தர், படிக்கிறவர் ஒருத்தர், கதவைச் சாத்துகிறவர் இன்னொருத்தர்!

இந்த மூன்று மேஜையையும் அறிந்த ஒருவர் இருந்தார். ஜி.டி. அகர்வால். கான்பூர் ஐ.ஐ.டி. பேராசிரியர், மத்திய மாசுக் கட்டுப்பாட்டு வாரியத்தின் முதல் உறுப்பினர்-செயலர். கங்கைக்குத் தனிச் சட்டம் கேட்டு 2018 ஜூனில் உண்ணாவிரதம் உட்கார்ந்தார். 111 நாள். அக்டோபர் 11-ந் தேதி இறந்தார். வயது 86. வாரியத்தை நடத்தியவரே கடைசியில் பட்டினி கிடந்துதான் கேட்க வேண்டியிருந்தது.

நம்ம பக்கமும் இதே கதைதான். நொய்யல் கெட்டுப்போனதை எல்லாரும் பார்த்துக்கொண்டுதான் இருந்தோம். திருப்பூர் சாயப்பட்டறைகளை மூடச் சொல்லி உத்தரவு 2011 ஜனவரியில் வந்தது. எங்கிருந்து? விவசாயிகள் தொடுத்த வழக்கில், சென்னை ஐகோர்ட்டிலிருந்து!

ஆகவே திருச்சியும் பெங்களூரும் எவ்வளவு நுணுக்கமாக அளந்தாலும் போதாது. அளவு மீறினால் வாரியம் இத்தனை நாளில் பதில் சொல்லியாக வேண்டும் என்று விதி வேண்டும். மேற்பார்வைக் குழுவில் பாசன விவசாயிக்கும், குடிநீர் வாரிய என்ஜினீயருக்கும் ஆளுக்கொரு நாற்காலி வேண்டும். ஈரோட்டில் மொண்ட தண்ணீரின் கணக்கு, மாதா மாதம், தமிழில், ஈரோடு பஸ் ஸ்டாண்டிலேயே தொங்கட்டும்.