பூட்டிய கதவுக்கு இரு பக்கம்



நமது பங்கைச் சேர்ந்த வயது முதிர்ந்த தாய் ஒருவர் 2021-ஆம் ஆண்டு மே மாதத்தில் ஒரு நாள் தொலைபேசி வழியாக நம்மிடம் கேட்ட கேள்வி இன்றும் நமது நெஞ்சை விட்டு அகலவில்லை. அவருடைய கணவர் அவ்வாண்டு மார்ச் மாதம் இறைவனடி சேர்ந்தார். ஆஸ்திரேலியாவின் மெல்போர்ன் நகரில் குடியுரிமை பெற்று வாழும் அவருடைய மகனால் தந்தையின் அடக்கத்திற்கு வந்து சேர இயலவில்லை. நாட்டை விட்டு வெளியேறவே அக்காலத்தில் அங்கே சிறப்பு அனுமதி வேண்டியிருந்தது. அதைப் பெற்று, முப்பதாம் நாள் பூசைக்குத்தான் அவர் வந்து சேர்ந்தார்.

வந்தவர் திரும்ப இயலவில்லை. இந்தியாவிலிருந்து செல்லும் விமானங்களை ஆஸ்திரேலிய அரசு ஏப்ரல் 27 அன்று நிறுத்தியது. அடுத்து, இந்தியாவில் 14 நாட்களுக்குள் தங்கியிருந்த எவரும், சொந்தக் குடிமக்களேயானாலும், மே 3 முதல் அந்நாட்டு மண்ணில் கால் வைத்தால் ஐந்தாண்டு வரை சிறை, அல்லது 66,600 டாலர் வரை அபராதம் என்று அறிவித்தது. மனைவியும் இரு பிள்ளைகளும் அங்கே; மகன் இங்கே.

"சாமி, வெளியூர் போன பிள்ளை திரும்பி வரும்போது, அந்த ஊருல நோய் இருக்குன்னு பெத்தவ கதவைப் பூட்டுவாளா? இல்ல, வீட்டுக்குள்ள மத்த பிள்ளைங்க இருக்குதேன்னு பூட்டத்தான் வேணுமா? எனக்கு ஒண்ணும் விளங்கல சாமி" என்றார் அந்தத் தாய்.

நமக்கும் அன்று விடை கூறத் தெரியவில்லை. ஏனெனில் அவருடைய கேள்வியின் இரு பாதிகளும் நியாயமானவை. ஆகவே அந்தக் கதவின் வரலாற்றையே இத்திங்கள் வாசகர்களோடு சேர்ந்து சற்று நோக்க விழைகிறோம்.

நோய் வரும் வழியை அடைப்பது ஆஸ்திரேலியர்க்குப் புதிதன்று. சுற்றிலும் கடலே அரணாக அமைந்த நாடு அது. சிட்னித் துறைமுகத்தின் வாயிலில், நார்த் ஹெட் என்னும் பாறை முனையில், 1830-களில் ஏற்பட்ட தனிமைப்படுத்தல் நிலையம் 1984 வரை நிலைத்திருந்தது. 1852-இல் டைகாண்டெரோகா என்னும் கப்பல் ஏறத்தாழ 100 பயணிகளை வழியிலேயே நோய்க்குப் பறிகொடுத்துவிட்டு மெல்போர்னை நெருங்கியபோது, எஞ்சியவர்களைப் பாயிண்ட் நேப்பியன் முனையில் இறக்கி, ஊருக்குள் விடாமல் வைத்தனர். 1918-இல் உலகைச் சூறையாடிய இன்புளுவென்சாக் காய்ச்சலையும் கப்பல்களைத் தடுத்து நிறுத்தியே சில மாதங்கள் தாமதப்படுத்தினர். ஆயினும் 1919-இல் அது உட்புகுந்து ஏறத்தாழ 15,000 உயிர்களைக் கொண்டு சென்றது. கதவைப் பூட்டினால் பயன் உண்டு என்பதையும், பூட்டு என்றும் முழுமையாகக் காக்காது என்பதையும் அம்மக்கள் நூறாண்டுக்கு முன்பே கண்டிருந்தனர்.

கொரோனா நோய் அந்நாட்டில் முதன்முதலாக 2020 ஜனவரி 25 அன்று கண்டறியப்பட்டது. மார்ச் 20 அன்று வெளிநாட்டவர்க்கு எல்லை மூடப்பட்டது. மார்ச் 28 நள்ளிரவு முதல், திரும்பி வரும் சொந்தக் குடிமக்களும் விமானத்திலிருந்து இறங்கியவுடன் நேரே ஓட்டல்களுக்குக் கொண்டு செல்லப்பட்டு, 14 நாட்கள் அறையை விட்டு வெளிவராமல் அடைக்கப்பட்டனர். அந்த அறைகள் பலவற்றில் சன்னலைத் திறக்க முடியாது. சாப்பாடு கதவுக்கு வெளியே வைக்கப்படும். வைத்தவர் சென்ற பின்னரே கதவைத் திறக்க வேண்டும். சிட்னி நகரை உள்ளடக்கிய நியூ சவுத் வேல்ஸ் மாநிலத்தில், அவ்வாண்டு ஜூலை 18 முதல், அதற்கான செலவு 3,000 டாலரையும் அடைபட்டவரே செலுத்த வேண்டியதாயிற்று.

இது கொடுமையா? ஒரு மனிதன் 14 நாட்கள் துன்புற, ஓர் ஊரே பிழைக்குமானால், அத்துன்பம் வீணன்று. அடைபட்டவர் குற்றவாளி அல்லர். பிறர் நலனுக்காகத் தம் நாட்களை ஈந்தவர். இதை நாம் மறந்துவிடும்போதுதான் தவறு தொடங்குகிறது.

மெல்போர்னில் அத்தவறு நேர்ந்தது. அங்கே ஓட்டல் வாயில்களில் காவல் நிற்கத் தனியார் காவலாளிகள் அமர்த்தப்பட்டனர். பலர் அன்றாடக் கூலிக்கு வந்தோர். ஒரு வேலை போதாமல் வேறு வேலையும் பார்த்தோர். நோயைக் கையாள அவர்களுக்குத் தக்க பயிற்சி அளிக்கப்படவில்லை. மே இறுதியிலும் ஜூன் மாதத்திலும் இரண்டு ஓட்டல்களிலிருந்து நோய் கசிந்து, பணியாளர் வழியாக அவர்தம் வீடுகளுக்குச் சென்று, நகரெங்கும் பரவியது. முன்னாள் நீதிபதி ஜெனிபர் கோட் தலைமையில் நடந்த விசாரணை, அந்த இரண்டாம் அலையில் 18,000-க்கும் மேற்பட்டோர் நோயுற்றதையும் 768 பேர் மடிந்ததையும் பதிவு செய்தது. தனியார் காவலாளிகளை அமர்த்தும் முடிவை எடுத்தவர் யார் என்பதைப் பொறுப்புடன் ஏற்க எவரும் முன்வரவில்லை என்பதே அவ்விசாரணை கண்ட வேதனையான உண்மை. பூட்டைப் போட முந்தியவர் பலர். சாவியை வைத்திருப்பவனுக்குக் கற்றுக் கொடுக்க எவரும் இல்லை.

அடுத்து நடந்தது இன்னும் சிந்திக்கத்தக்கது. 2020 ஜூலை 4, சனிக்கிழமை பிற்பகல். பிளெமிங்டன், வட மெல்போர்ன் ஆகிய பகுதிகளில் அரசு வாடகைக் குடியிருப்புகளான ஒன்பது அடுக்குமாடிக் கட்டிடங்கள் உடனடியாக அடைக்கப்படுவதாக மாநில முதல்வர் அறிவித்தார். ஏறத்தாழ 3,000 பேர் அங்கு வாழ்ந்தனர். அவர்களுள் பலர் போரும் வறுமையும் துரத்த அந்நாட்டில் அடைக்கலம் புகுந்தோர். அவர்களுக்கு ஒரு மணி நேர அவகாசமும் கொடுக்கப்படவில்லை. அறிவிப்பு முழுமையாகச் செவியில் விழுமுன்பே வாயிலில் காவல்துறையினர் நின்றனர். பால் வாங்க இறங்கியவர் காவலரைக் கண்டு திகைத்தார். முன்னர்க் காவலருக்கு அஞ்சித் தாய்நாட்டை விட்டு ஓடி வந்தோர் நெஞ்சில் அது என்ன அச்சத்தை எழுப்பியிருக்கும்! உணவும் மருந்தும் பலருக்குக் காலம் தாழ்த்தியே வந்தன. அண்டையில் இருந்த இஸ்லாமியச் சமூகத்தாரும், சீக்கியத் தொண்டர்களும், இன்னும் எத்தனையோ நல்லுள்ளங்களும் உணவுப் பொட்டலங்களோடு ஓடி வந்தனர். எட்டுக் கட்டிடங்கள் ஐந்து நாட்களில் விடுவிக்கப்பட்டன. நோய் மிகுந்திருந்த ஒன்று மட்டும் இரு வாரங்கள் அடைபட்டிருந்தது.

அம்மாநிலத்தின் மக்கள் குறைதீர்ப்பாளர் டெபோரா கிளாஸ் அவ்வாண்டு டிசம்பரில் வெளியிட்ட அறிக்கை, நோயைத் தடுக்கக் கட்டுப்பாடு தேவைப்பட்டதை மறுக்கவில்லை. ஆனால், முன்னறிவிப்பின்றி அந்நொடியே பூட்டியது மனித உரிமைச் சட்டத்திற்கு முரணானது என்று தீர்ப்புரைத்தது. நகரின் பிற பகுதி மக்களுக்கு, ஊரடங்கு தொடங்கப் பல மணி நேரம் முன்னரே அறிவிப்புக் கிடைத்தது. ஏழைகளின் மாடிகளுக்கு மட்டும் ஏன் அவ்வளவு அவசரம்? 2023-இல் அம்மக்களுக்கு இழப்பீடாக 50 லட்சம் டாலர் வழங்க அரசு ஒப்புக்கொண்டது.

அந்த ஜூலை 8 அன்று, விக்டோரியா மாநிலத்திற்கும் நியூ சவுத் வேல்ஸ் மாநிலத்திற்கும் இடையிலான எல்லை, 1919-க்குப் பின் முதன்முறையாக மூடப்பட்டது. அன்று நள்ளிரவு முதல் மெல்போர்ன் நகரம் முழுவதும் 112 நாட்கள் வீட்டிலேயே அடங்கியிருந்தது. ஆகஸ்டு மாதம் முதல் இரவு எட்டு மணி முதல் காலை ஐந்து மணி வரை யாரும் வெளிவரலாகாது. பகலில் ஐந்து கிலோமீட்டருக்கு அப்பால் செல்லலாகாது. உடற்பயிற்சிக்கு ஒரு மணி நேரம் மட்டுமே. திருமணங்கள் நின்றன. ஆலயங்கள் மூடிக் கிடந்தன. அடக்கச் சடங்கில் துயருறுவோர் பத்துப் பேருக்கு மேல் கூடலாகாது. பெற்ற பிள்ளைகளுள்ளும் பேரப்பிள்ளைகளுள்ளும் எவர் வருவது, எவர் வீட்டில் இருப்பது என்று குடும்பங்கள் எண்ணிப் பிரிக்க வேண்டியதாயிற்று. அடக்கப் பூசைகள் பலவற்றை நிறைவேற்றியுள்ள நமக்கு, அந்தக் கணக்கின் கொடுமை நன்கு விளங்குகிறது.

ஆயினும் அம்மக்கள் பொறுத்தனர். ஆகஸ்டு 5 அன்று அம்மாநிலத்தில் ஒரே நாளில் 725 பேருக்கு நோய் என்று அறிவிக்கப்பட்டது. அக்டோபர் 26 அன்று அந்த எண் பூச்சியம் ஆயிற்று. அறிவிப்பைக் கேட்டு வீடுகளில் அழுதவர் உண்டு என்று அந்த மகன் நமக்குக் கூறினார். தடுப்பூசி இன்னும் வராத காலத்தில், மக்களின் அடக்கம் ஒன்றே மருந்தாக அமைந்து, ஒரு பெருநகரம் நோயை வென்றது. இதைச் சிறுமைப்படுத்துவோர் நியாயம் பேசுபவர் ஆகார். அதே வேளையில், அவ்வாண்டு ஆஸ்திரேலியாவில் இந்நோயால் இறந்தோரில் ஏறத்தாழ முக்கால் பங்கினர் முதியோர் இல்லங்களில் இருந்தவர்கள் என்பதையும் மறக்கலாகாது. வெளிக்கதவைப் பூட்டியவர்கள் உட்கதவுகளைக் காக்கத் தவறினர்.

2021 ஜூன் மாதம் சிட்னியில் டெல்டா என்னும் வகை நோய் பரவத் தொடங்கியது. வெளிநாட்டு விமானப் பணியாளரை ஏற்றிச் சென்ற ஓட்டுநர் ஒருவரே அங்கு முதலில் நோயுற்றவராக அறியப்பட்டார். இங்கும் வாயிலில் நின்ற எளிய தொழிலாளியே முதலில் தாக்குண்டார். நோய் நகரின் மேற்கிலும் தென்மேற்கிலும் உழைப்பாளர் குடியிருப்புகளுக்குப் பரவியபோது, அங்குதான் இரவு ஊரடங்கும் வந்தது. காவலருக்குத் துணையாகப் படைவீரரும் வீதிக்கு வந்தனர். கடற்கரையோரச் செல்வர் வட்டாரங்களில் அத்தகைய கடுமை இல்லை.

இவ்வளவையும் மனத்திற் கொண்டு, அந்தத் தாயின் கேள்விக்கு வருவோம். மே மாதம் நாடு திரும்பப் பதிவு செய்து இந்தியாவில் காத்திருந்த ஆஸ்திரேலியர் ஏறத்தாழ 9,000 பேர். அரசு கூறிய காரணம் பொய்யன்று. தனிமைப்படுத்தல் நிலையங்களில் நோய் கண்டவர்களில் பாதிக்கு மேற்பட்டோர் அப்போது இந்தியாவிலிருந்து சென்றவர்களே. ஆனால் இடம் போதாதெனில் இடத்தைப் பெருக்குவதன்றோ தாயின் கடமை? வடக்கே டார்வின் நகருக்கு அருகில் ஹோவர்ட் ஸ்பிரிங்ஸ் என்னுமிடத்தில், எரிவாயுத் திட்டத் தொழிலாளர்க்காகக் கட்டப்பட்ட குடியிருப்பு ஒன்று 2020 பிப்ரவரி முதலே இதற்குப் பயன்பட்டு வந்தது. தனித்தனி அறைகள், முன்னே வராந்தா, திறந்த காற்று, பயிற்சி பெற்ற மருத்துவப் பணியாளர். நகர ஓட்டல்களிலிருந்து மீண்டும் மீண்டும் நோய் கசிந்த அக்காலத்தில், 2021 நடுப்பகுதி வரை இங்கிருந்து ஊருக்குள் கசியவில்லை. அப்படிப்பட்ட இடங்களைப் பலவாக எழுப்ப ஓராண்டு அவகாசம் இருந்தது. அமெரிக்காவிலும் பிரிட்டனிலும் நோய் பெருகியபோது விதிக்காத சிறைத் தண்டனையை இந்தியாவிலிருந்து வருவோர்க்கு மட்டும் ஏன் விதித்தீர்கள் என்று அந்நாட்டிலேயே பலர் கேட்டனர். மே 15 அன்று தடை முடிந்தது. முதல் விமானத்தில் ஏறத்தாழ 150 பேருக்கு இடம் இருந்தும், நோய் கண்டவரும் அவரோடு பழகியவரும் விலக்கப்பட, 80 பேரே ஏறினர்.

நமது பங்கின் மகனுக்கு ஆகஸ்டில்தான் இடம் கிடைத்தது. ஹோவர்ட் ஸ்பிரிங்ஸில் 14 நாட்கள் வராந்தாவில் அமர்ந்து அன்றாடம் தாயோடு பேசினார். பின்னர் வீடு சேர்ந்தபோது மெல்போர்ன் தன் ஆறாவது முடக்கத்தில் இருந்தது. அம்முடக்கம் அக்டோபர் 21 அன்று நீங்கியது. அந்நகர மக்கள் ஆறு முறையுமாகச் சேர்த்து அடைபட்டிருந்த நாட்கள் 262.

இத்தனையிலிருந்தும் நாம் உணர்வது ஒன்றே. பூட்டுபவன் பூட்டப்பட்டவனுக்குக் கடன்பட்டவன். முன்கூட்டிச் சொல்லும் கடன். உணவும் மருந்தும் ஆறுதலும் அளிக்கும் கடன். செல்வனுக்கும் ஏழைக்கும் ஒரே அளவில் பூட்டும் கடன். வாயிலில் நிற்பவனையும் காக்கும் கடன். இக்கடனைத் தீர்க்கும் இடத்தில் தனிமைப்படுத்தல் அன்பின் செயல். தீர்க்காத இடத்தில் அது வெறும் விலக்கி வைத்தல். அரசுக்கு மட்டுமன்று, குடும்பத்திற்கும் இது பொருந்தும். அம்மை கண்ட வீட்டையோ, காசநோய் கண்ட மருமகளையோ, தொற்றுக்கு அஞ்சித் தனி அறையில் வைக்கப்பட்ட முதியவரையோ நாம் எப்படி நடத்துகிறோம் என்று ஒவ்வொரு குடும்பமும் தன்னையே கேட்டுக்கொள்ளட்டும்.

மகன் ஊர் சேர்ந்த பின்னர் அந்தத் தாயைச் சந்தித்து, அவருடைய பழைய கேள்வியை நினைவூட்டினோம். சற்று நேரம் எண்ணிப் பார்த்துவிட்டு அவரே விடை கூறினார்:

"பூட்டட்டும் சாமி, வேண்டாங்கல. ஆனா சன்னல் பக்கம் வந்து நின்னு, சாப்பிட்டியாய்யான்னு கேக்கணும்ல?"

இதனினும் மேலான விடை நமக்குத் தெரியவில்லை.